செங்கல் வேஷம் கட்டிய மரவீடு

பீட்டர்ஸ்பர்க்குக்கு வரும் தமிழ்க் குழுக்களுக்கு ஊர் சுற்றிக் காட்டுவது என் தொழில். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த இடமும், பயண நிரலில் சேர்க்க நான் அதிகம் மல்லுக்கட்டும் இடமும் ஒன்றுதான்: மகா பீட்டரின் மரவீடு. ஹெர்மிட்டாஜ், பீட்டர்ஹாஃப் நீரூற்றுகள், பீட்டர்–பால் கோட்டை, நள்ளிரவில் பாலம் திறக்கும் காட்சி, இவை இல்லாமல் எந்தப் பயண நிறுவனமும் நோட்டீஸ் அடிப்பதில்லை. மூன்று அறை வீட்டைப் பார்க்கவா இவ்வளவு செலவழித்து விமானம் ஏறி வருகிறார்கள் என்று கேட்பார்கள். வீடு நெவா ஆற்றங்கரையில், கோட்டைக்கும் அரோரா போர்க்கப்பலுக்கும் இடையில் இருக்கிறது. பேருந்து எப்படியும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். அந்த ஒரே வாதத்தை வைத்து முக்கால் மணி நேரம் பிடுங்கிக்கொள்வேன். செவ்வாய்க்கிழமை மட்டும் என் பருப்பு வேகாது, அன்றைக்கு அங்கே விடுமுறை.

நான் பாலிடெக்னிக்கில் படிக்க வந்தபோது ஊருக்கு லெனின்கிராட் என்று பெயர். கைச்செலவுக்காக இந்தியத் தூதுக்குழுக்களுக்கு மொழிபெயர்ப்பாளனாகப் போக ஆரம்பித்தேன். படிப்புக்கான வேலை கிடைத்தபிறகும் கோடைக்காலத்தில் அதை விடவில்லை, பிறகு அதுவே வேலையானது. அரண்மனைகளைக் காட்டுவது சுலபம். தங்கமும் கண்ணாடியும் தானே பேசும், நாம் ஆண்டு சொன்னால் போதும். இந்த வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. வாயைத் திறந்தே ஆக வேண்டும், திறந்து எதைச் சொல்வது என்பதில்தான் தொழிலே இருக்கிறது.

கதை 1703ஆம் ஆண்டு மே மாதத்தில் தொடங்குகிறது. சுவீடனோடு போர். நெவா ஆற்றின் கரையிலிருந்த நியென்ஷான்ஸ் என்ற சுவீடன் கோட்டை மாதத் தொடக்கத்தில் ரஷ்யர்கள் கையில் விழுந்தது. கடலுக்கு இன்னும் பக்கத்தில் புதுக் கோட்டை வேண்டும் என்று முயல்தீவைத் தேர்ந்தெடுத்து, பழைய நாள்காட்டிப்படி மே 16 அன்று வேலையைத் தொடங்கினார்கள். இன்றைய கணக்கில் மே 27, அதுதான் இந்த ஊரின் பிறந்தநாள். எட்டு நாள் கழித்து, மே 24 முதல் 26 வரை மூன்றே நாளில், செமியோனோவ்ஸ்கி படைப்பிரிவின் சிப்பாய்கள் பக்கத்துத் தீவில் பைன் மரத்தை வெட்டிச் செதுக்கி ஜார் மன்னர் பீட்டருக்கு ஒரு வீட்டை எழுப்பிவிட்டார்கள். கோட்டை வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொள்ளத்தான் இந்த வீடு.

கோட்டைக்கு பீட்டர் தன் கையால் மண் வெட்டியபோது தலைக்கு மேல் கழுகு வட்டமிட்டது என்று ஒரு கதை உண்டு. குழுவுக்குக் கழுகுக் கதை ரொம்பவும் பிடிக்கும். நம் ஊர்க் கோயில்களில் கருடன் வட்டமிடாமல் கும்பாபிஷேகம் ஏது? நானும் சொல்வேன். சொல்லிவிட்டு, அந்த நாளில் அவர் அங்கே இல்லை, தொலைவில் லதேய்னயே போலே கப்பல் துறைக்குப் போயிருந்தார் என்று ஆய்வாளர் பலர் எழுதியிருப்பதையும் சேர்த்துச் சொல்வேன். சிலருக்கு முகம் சுருங்கும். கோட்டையின் நிறுவனர் கால்கோள் விழாவுக்கே வரவில்லையா என்பார்கள். திட்டமும் ஆணையும் அவருடையவை, கடப்பாறை யார் கையில் இருந்தால் என்ன என்பது என் கட்சி.

பேருந்திலிருந்து இறங்கியதும் முதல் ஏமாற்றம் காத்திருக்கும். சின்னத் தோட்டம், இரும்பு வேலி, பீட்டரின் மார்பளவுச் சிலை, அதற்குப் பின்னால் ஓர் ஒற்றைமாடிச் செங்கல் கட்டடம். மரவீடு என்றீர்களே என்று பின்வரிசையிலிருந்து குரல் வரும். செங்கல் கட்டடம் வீட்டுக்குப் போட்ட உறை. 1844இல் ரமான் குஸ்மின் என்ற கட்டடக்கலைஞர் கட்டியது. அதற்கு முன் 1784இல் இரண்டாம் கேத்தரின் ஒரு கல் உறை போட்டிருந்தார். 1824, 1924 ஆண்டுகளின் பெருவெள்ளங்களுக்குத் தப்பி அந்தப் பைன் மரம் இன்றும் நிற்பதற்கு இந்த உறைகளும் ஒரு காரணம். 1824இல் நெவா வழக்கமான மட்டத்திலிருந்து நான்கு மீட்டருக்கு மேல் ஏறியது. வீடோ கரையிலேயே இருக்கிறது.

உள்ளே போனால் வீட்டுக்குள் ஒரு வீடு. செங்கல் சுவருக்கும் மரச் சுவருக்கும் நடுவே சுற்றிவர வழி விட்டிருக்கிறார்கள். அறைகளுக்குள் கால் வைக்க முடியாது, சன்னல் வழியாகவும் வாசல் வழியாகவும் எட்டிப் பார்ப்பதுதான். கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு குழுவில் வயதான அம்மா ஒருவர், நான் ஒன்றும் சொல்லாமலே, வீட்டை வலமாகச் சுற்றி வந்தார். முடித்ததும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை, அவ்வளவுதான் பாக்கி. மகளுக்கு வெட்கம். "அம்மா, இது கோயில் இல்லைம்மா" என்று கையைப் பிடித்தாள். "நடுவுல மூலவர் மாதிரி வச்சு, சுத்திப் பிரகாரம் விட்டிருக்கான், வேற என்னடி பண்றது?" என்றார் அந்த அம்மா. அவர் செய்ததில் தப்பில்லை என்று மகளிடம் சொன்னேன். 1742இல் இந்த வீட்டுக்குள்ளேயே ஒரு சிற்றாலயம் வைத்தார்கள். பீட்டர் வைத்திருந்த மீட்பரின் திருவுருவப் படம் அங்கே இருந்தது. பல தலைமுறைகளுக்கு ஊர் மக்கள் மெழுகுவத்தி ஏற்ற வந்த இடம் இது. புரட்சிக்குப் பிறகுதான் ஆலயத்தை எடுத்தார்கள். 1930இல் வீடு அருங்காட்சியகமாகத் திறந்தது. அந்தப் படம் இப்போது ஊரின் உருமாற்றப் பேராலயத்தில் இருக்கிறது. இன்றும் வரிசை நிற்கிறது.

அளவைச் சொல்லும்போது மீட்டரில் சொன்னால் நம்மவர்களுக்கு ஏறாது. 12 மீட்டர் நீளம், ஐந்தரை மீட்டர் அகலம் என்றால் தலையாட்டுவார்கள். நாற்பதுக்குப் பதினெட்டு, ஒரு கிரவுண்டில் இது மாதிரி மூன்று வீடு கட்டலாம் என்றால்தான் "அட!" வரும். நடை, படிப்பறை, உணவறை, எல்லாவற்றிலும் சின்னதாக ஒரு படுக்கையறை. கூரைத்தளத்தின் உயரம் இரண்டரை மீட்டர், அதாவது எட்டடிக்குக் கொஞ்சம் மேல். பீட்டரின் உயரமோ ஆறடி எட்டங்குலம். இதைச் சொன்னதும் குழுவில் நெட்டையாக இருக்கும் யாரையாவது வாசலருகே நிறுத்தி எல்லோரும் படம் எடுப்பார்கள். எடுக்கட்டும் என்று விட்டுவிடுவேன். உடம்பால் அளந்தது மறக்காது.

ஆரம்ப நாட்களில் நான் காட்சிப்பெட்டிகளைத்தான் அதிகம் காட்டினேன். அவருடைய சிவப்பு மேலங்கி, புகைக்குழாய், கைத்தடி, அவர் கையால் செய்ததாகச் சொல்லும் நாற்காலி, அவரே கட்டியதாகச் சொல்லும் படகு. ரஷ்ய அருங்காட்சியகங்களில் ஒவ்வோர் அறையிலும் நாற்காலி போட்டு ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். பார்ப்பதற்குக் காவல், விஷயத்தில் பேராசிரியர். அப்படி ஒரு பாட்டி ஒருநாள் குழு வெளியேறிய பிறகு என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். மேலங்கியை எந்த அரண்மனையிலும் காட்டலாம், இங்கே மட்டும் இருப்பது சுவர், அதைக் காட்டாமல் போகிறாயே என்றார். அந்தப் பாட்டி இப்போது இல்லை. அன்றிலிருந்து சுவரில்தான் ஆரம்பிக்கிறேன்.

சுவரைப் பார்த்தால் முதலில் மரமே தெரியாது. தட்டையாகச் செதுக்கிய கட்டைகளின்மேல் எண்ணெய் வர்ணத்தால் செங்கல் செங்கலாகக் கோடு போட்டு, சிவப்பு அடித்திருக்கிறார்கள். இடையில் சுண்ணச் சாந்துபோல வெள்ளைக் கோடு. கூரையில் வேய்ந்த மரப்பட்டைகளும் ஓடு போலத் தெரியவேண்டும் என்றே வெட்டியவை. சன்னல்கள் அந்தக் கால ரஷ்ய மரவீட்டுக்குச் சம்பந்தமில்லாத அளவுக்குப் பெரியவை, சின்னச் சின்னக் கண்ணாடிகளாகப் பிரித்தவை. 1697இல் அவர் ஹாலந்துக்குப் போய்க் கப்பல் தச்சர்களோடு நின்று வேலை கற்றவர். அங்கே ஸாண்டம் ஊரில் அவர் எட்டு நாள் தங்கிய மரவீடும் இன்றுவரை இருக்கிறது, அதற்கும் 1895இல் ஒரு செங்கல் உறை போட்டிருக்கிறார்கள். ஹாலந்துச் செங்கல் வீடு மனதில் இருந்தது. கையில் கிடைத்தது பைன் மரமும் மூன்று நாளும். மிச்சத்தை வர்ணக்காரன் பார்த்துக்கொண்டான்.

பொதுப்பணித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு பொறியாளர் இதைக் கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். "நம்ம ஊர்லயும் அமைச்சர் திறப்பு விழாவுக்கு வர்றார்னா இதான் சார் நடக்கும்" என்றார். எனக்கும் சிரிப்புதான். ஆனால் இங்கே வேஷத்தோடு விஷயம் நிற்கவில்லை. கோட்டை முதலில் மண்ணும் மரமுமாகத்தான் இருந்தது. 1706இலிருந்து தொமெனிகோ த்ரெஸ்ஸினி என்ற சுவிஸ் கட்டடக்கலைஞரை வைத்து அதைச் செங்கல்லாலும் கல்லாலும் மாற்றிக் கட்ட ஆரம்பித்தார்கள். 1714இல் ரஷ்யாவில் வேறெங்கும் கல் கட்டடம் கட்டக்கூடாது என்று ஓர் ஆணை. நாட்டிலுள்ள கொத்தனார் எல்லாம் இங்கே வரவேண்டும் என்பதற்காக. ஊருக்குள் வரும் வண்டியும் கப்பலும் ஆளுக்கு இத்தனை கல் கொண்டுவந்து போட வேண்டும் என்றும் விதித்தார்கள். கல் கட்டடத் தடை 1741 வரை நீடித்தது, அதாவது பீட்டர் செத்துப் பதினாறு வருடம் வரை. இந்தச் சுவரில் வர்ணத்தால் போட்ட கோடுகளை நிஜமாக்க நாட்டையே இழுத்துவிட்டார்கள். இதைச் சொல்லிவிட்டு மறுபடி சுவரைப் பார்க்கச் சொல்வேன். முன்பு பார்த்த சுவர் இல்லை அது.

அடுத்த கேள்வி எப்போதும் பெண்களிடமிருந்து வரும். "சமையக்கட்டு எங்கே தம்பி?" இல்லை. சமையல் அடுப்பு மட்டுமல்ல, குளிருக்கு மூட்டும் அடுப்பும் இல்லை. புகைபோக்கியும் இல்லை. ஜனவரியில் நெவா உறைந்து அதன்மேல் ஆள் நடக்கும் ஊரில் இப்படி ஒரு வீடு. அடுப்பில்லாத இந்த வீடு, தன்னைப் பற்றிய பாதிக் கதையைப் பொய் என்று தானே சொல்லிவிடுகிறது. பீட்டர் இங்கே குடியிருக்கவில்லை. 1703க்கும் 1708க்கும் இடையே, ஊரில் இருந்த வெயில் நாட்களில் தங்கினார். சாப்பாடு, விருந்து, வெளிநாட்டாரைச் சந்திப்பது எல்லாம் பக்கத்தில் மென்ஷிகோவ் என்ற பிரபுவின் பெரிய வீட்டில். 1708இல் ஆற்றின் அக்கரையில் குளிர்கால வீடு கட்டியதும் இங்கே வருவது நின்றது. சமையக்கட்டு கேட்ட அம்மாக்களுக்கு அதோடு இந்த மனிதர்மேல் ஒரு மதிப்புக் குறையும். "மத்தவன் வீட்ல சாப்ட்டுட்டு இங்க வந்து படுப்பாரா?" என்று ஒருவர் கேட்டார். அரசியல் சரித்திரத்தை இவ்வளவு சுருக்கமாக நான் படித்ததில்லை.

எனக்குச் சங்கடம் வருவது ஆண்களிடமிருந்து. எத்தனையாவது குழுவாக இருந்தாலும் யாராவது ஒருவர் தழுதழுத்து, "நம்ம காமராஜர் மாதிரி பாருங்க சார், இத்தினியூண்டு வீடு" என்று சொல்லிவிடுவார். தியாகராய நகரிலும் விருதுநகரிலும் காமராஜர் வாழ்ந்த வீடுகளைப் பார்த்த கண், இங்கேயும் அதையே தேடுகிறது. தப்பென்று சொல்ல மனம் வராது. பயணத்தில் மனிதர்கள் நெகிழ்வது அபூர்வம். அதைக் கெடுக்கும் வழிகாட்டிக்கு அடுத்த வருடம் வேலை வராது. ஆனாலும் நான் இரண்டு விஷயங்களைச் சொல்லாமல் அவரைப் பேருந்தில் ஏற்றுவதில்லை.

ஒன்று, இந்த வீட்டை நினைவுச்சின்னமாக்கியது பின்னால் வந்தவர்கள் அல்ல, பீட்டரேதான். 1721இல் பேரரசர் பட்டம் சூடினார். 1723இல், உயிரோடு இருக்கும்போதே, பழைய வீட்டைக் காக்க வேண்டும் என்று த்ரெஸ்ஸினியை வைத்து அதைச் சுற்றி முதல் மண்டபத்தைக் கட்டவைத்தார். தன் எளிமையைத் தானே உறை போட்டு வைத்த மனிதர். இதே மாதிரி 1702இல் ஆர்க்காங்கெல்ஸ்க் பக்கம், இன்னொரு கோட்டை வேலையைப் பார்க்க அவர் தங்கிய மரவீடும் பிழைத்து, 1934இல் மாஸ்கோவின் கலோமென்ஸ்கயே பூங்காவுக்குப் பெயர்ந்து வந்திருக்கிறது. வேலை நடக்கும் இடத்தில் சின்ன வீடு போட்டுத் தங்குவது அவர் வழக்கம். அது உண்மையான குணம்தான், நடிப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது எல்லோர் கண்ணிலும் படவேண்டும் என்பதிலும் அவருக்குக் கவனம் இருந்தது.

இரண்டு, இந்த வீட்டின் சன்னல் எதைப் பார்த்து இருந்ததோ அந்த வேலை. ஆண்டுக்கு நாற்பதாயிரம் பேரை மாகாணங்களிலிருந்து முறைவைத்து அனுப்பச் சொல்லி ஆணைகள் போயின. அத்தனை பேர் வந்து சேரவில்லை. வந்தவர்கள் சதுப்பில் நின்று முளைக்கம்பம் அடித்தார்கள். போர்க்கைதிகளும் இருந்தார்கள். எத்தனை பேர் செத்தார்கள் என்று உடனே கேட்பார்கள். அந்தக் கால வெளிநாட்டுத் தூதர்கள் எழுதிவைத்த லட்சக் கணக்குகளை இணையத்தில் படித்துவிட்டு வந்திருப்பார்கள். நான் எண் சொல்வதில்லை. இன்றைய ஆய்வாளர்கள் அந்தக் கணக்குகளை நம்புவதில்லை, அவ்வளவு பெரிதாக இல்லை என்பதால் அது சின்ன விஷயமும் ஆகிவிடாது. தன் வீட்டில் அடுப்பு வைத்துக்கொள்ளாத மனிதருக்கு, கூடாரத்தில் குளிரில் கிடந்தவனைப் பற்றி என்ன தோன்றியிருக்கும் என்று காமராஜரை நினைத்துக் கண்கலங்கியவரிடம் மெதுவாகக் கேட்பேன். சிலர் பேசாமல் வருவார்கள். ஒருவர் மட்டும், "அப்போ கோட்டையை யார் கட்டினாங்கன்னு போர்டுல எழுதியிருக்கா?" என்று திருப்பிக் கேட்டார். கோட்டையின் ஆறு கொத்தளங்களில் ஒன்று பேரரசருக்கு. மற்ற ஐந்தும் வேலையை மேற்பார்த்த பிரபுக்களின் பெயரில்: மென்ஷிகோவ், நரிஷ்கின், த்ருபெத்ஸ்கோய், ஸோதவ், கலோவ்கின். முளைக்கம்பம் அடித்தவன் பெயரில் ஒன்றும் இல்லை.

பயண நிறுவனங்கள் எப்போதும் கோட்டையை முதலில் காட்டச் சொல்லும், பேருந்து நிறுத்த அந்த வரிசைதான் தோது. நான் வீட்டை முன்னால் வைத்துக்கொள்வேன். இதில் ஓட்டுநர்களோடு தீராத சண்டை. வீட்டிலிருந்து கிளம்பிக் கோட்டைக்குப் போனால் கேள்விகள் மாறுகின்றன. கோட்டை பீரங்கி கொண்டு ஒரு படையெடுப்பையும் எதிர்கொள்ளவில்லை. போர் முனை வெகுசீக்கிரம் தள்ளிப் போய்விட்டது. கட்டிய கோட்டை சும்மா கிடக்குமா? சிறையானது. த்ருபெத்ஸ்கோய் கொத்தளத்தில்தான் 1718இல் பீட்டரின் மூத்த மகன் அலெக்ஸேயை வைத்திருந்தார்கள். தந்தைக்கு எதிராகச் சதி செய்தான் என்று விசாரித்து, சித்திரவதை செய்து, மரண தண்டனை விதித்தார்கள். தண்டனை நிறைவேறுமுன்பே அவன் அங்கேயே இறந்தான். பீட்டரும் அதே கோட்டைப் பேராலயத்தில்தான் புதைந்திருக்கிறார். கோட்டையை முதலில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால், எல்லாம் முடிந்து ஒரு பழைய சாமானைப் பார்ப்பதுபோல் ஆகிவிடும். வீட்டிலிருந்து போனால், செங்கல் கோடு போட்ட அந்தச் சுவரின் சிவப்பு கண்ணில் இருக்கும்போதே நிஜச் செங்கல்லும் கல்லும் வந்து நிற்கும்.

குழு பெரிதாக இருந்தால் இரண்டாகப் பிரித்துவிட வேண்டும், சுற்றுவழி குறுகல். ஒரு பாதியைப் படகு, பழைய செதுக்குப் படங்கள் பக்கம் அனுப்பிவிட்டு மறு பாதியைச் சுவருக்குக் கூட்டிப்போவேன். காதில் மாட்டும் கருவி இருந்தாலும் குரலைத் தாழ்த்தித்தான் பேச வேண்டும், பாட்டிகள் விடமாட்டார்கள். குழந்தைகளை முன்னால் விட வேண்டும், சன்னல் அவர்கள் உயரத்துக்கு இல்லை, யாராவது தூக்கிக் காட்ட வேண்டும். கோடையில் சூரியன் இரவு பத்து மணிக்கும் இருப்பதால் நம்மவர்கள் களைப்பது தெரியாமலே களைத்துவிடுவார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் இந்த வீடு, பின்னால் கூடவே கூடாது. குளிர்காலத்தில் வருவது மாணவர்கள்தான். அவர்களை உள்ளே விட்டு ஐந்து நிமிடம் வாயைத் திறக்காமல் இருப்பேன். அடுப்பு இல்லை என்பதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள், மேலங்கியைக் கழற்றக்கூட மாட்டார்கள்.

ஒரு குறை மட்டும் எனக்குத் தீரவில்லை. உறை இவ்வளவு ஒட்டி நிற்பதால் வீட்டை முழுசாக ஒரே படத்தில் பிடிக்க முடியாது. எவ்வளவு நல்ல கைப்பேசியானாலும் ஒரு மூலை, ஒரு சன்னல், அதற்கு மேல் வராது. வெளியே வந்ததும் எல்லோரும் சாலையைத் தாண்டி ஆற்றுப் படித்துறைக்குப் போய்விடுவார்கள். அங்கே இரண்டு கல் சிங்கங்கள் உட்கார்ந்திருக்கின்றன. மஞ்சூரியாவின் கிரின் நகரிலிருந்து வந்தவை, சீன வேலைப்பாடு, 1907இல் இங்கே வைத்தவை. பீட்டருக்கும் அவற்றுக்கும் இரு நூறு ஆண்டு இடைவெளி. பின்னால் நெவா, முன்னால் சிங்கம், படம் பிரமாதமாக வரும். அன்று இரவே குழுவின் வாட்ஸ்அப்பில் பார்ப்பேன், "பீட்டர் வீட்டு வாசலில் நாங்கள்" என்று போட்டிருப்பார்கள். முதலில் திருத்திக்கொண்டிருந்தேன். இப்போது சிங்கம் எந்த ஊர் என்று இறங்குமுன்பே பேருந்தில் சொல்லிவிடுகிறேன். அப்படியும் அதேதான் போடுகிறார்கள்.